தீபாவளிக்கு மாலத்தீவில் டைவிங்: அமாவாசை நீரோட்டத்தில் புதியவர் இறங்கலாமா?

கேட்டவர் | 9 ஆகஸ்ட் 2025

நானும் மனைவியும் திருச்சியில் இருக்கிறோம். போன வருடம் புதுச்சேரியில் ஓப்பன் வாட்டர் என்ற தொடக்கநிலை டைவிங் சான்றிதழ் வாங்கினேன். பயிற்சியில் செய்த 4 டைவ்தான் என் மொத்தக் கணக்கு. அதற்குப் பிறகு கடலில் இறங்கவில்லை. மனைவிக்கு நீச்சல் தெரியும், டைவிங் தெரியாது. மாலத்தீவின் பா அட்டோலுக்கு (வளையமாக அமைந்த பவளத்தீவுக் கூட்டம்) போய் மாண்டா திருக்கைகளோடு டைவ் செய்ய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. லீவு இரண்டு சமயம் கிடைக்கும். தீபாவளியை ஒட்டி 6 நாள், அல்லது டிசம்பர் கடைசியில் 8 நாள். டிசம்பரில்தான் வானிலை நன்றாக இருக்கும், அதையே எடுத்துக்கொள் என்கிறார்கள் நண்பர்கள். சரிதானா?

9 ஆகஸ்ட் 2025, இரவு

மாண்டாவுக்காகப் போகிறீர்கள் என்றால் டிசம்பர் வேண்டாம் தம்பி. தீபாவளிக்குப் போங்கள்.

மாலத்தீவில் மே முதல் நவம்பர் வரை தென்மேற்குப் பருவம். அப்போது நீரோட்டம் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும். கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிரிகள் அட்டோலின் கிழக்கு ஓரத்தில் வந்து சேரும். அவற்றைத் தின்ன மாண்டாக்களும் கிழக்கே வரும். ஹனிஃபாரு குடா இருப்பது பா அட்டோலின் கிழக்கு விளிம்பில். புனல் மாதிரி வாய் அகன்று உள்ளே குறுகும் இடம் அது. கடல் ஏற்றத்தில் உள்ளே புகுந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் சுழல, தீனி அங்கேயே சிக்கிக்கொள்கிறது. டிசம்பருக்குள் காற்று திரும்பிவிடும். கடல் கண்ணாடி போல் தெளியும், ஆனால் மாண்டாக்கள் மேற்குப் பக்கம் போயிருக்கும்.

இன்னொன்றையும் பாருங்கள். தீபாவளி எப்போதும் அமாவாசையை ஒட்டியே வருகிறது. ஏற்றமும் வற்றமும் பெரிதாக இருப்பது அமாவாசை, பௌர்ணமி நாட்களில்தான். தண்ணீர் பலமாக உள்ளே தள்ளும் நாட்களில் ஹனிஃபாருவில் கூட்டம் சேரும் வாய்ப்பும் அதிகம். இந்த வருடம் தீபாவளி அக்டோபர் 20. அதைவிட நல்ல நாளை நீங்கள் தேடினாலும் கிடைக்காது.

உங்கள் திட்டத்தில் ஒரு பிழை இருக்கிறது. ஹனிஃபாருவில் சிலிண்டரோடு இறங்க முடியாது. 2012 முதல் அங்கே ஸ்கூபா டைவிங்குக்குத் தடை. வழிகாட்டியோடு, 45 நிமிடம், மூச்சுக்குழாய் வைத்துத் தண்ணீரின் மேல் மிதந்து பார்க்கும் ஸ்நார்க்கல் மட்டும். டைவர்கள் விடும் குமிழிகள் தீனி தின்னும் மாண்டாவைக் கலைத்துவிடுகின்றன. உங்கள் மனைவிக்கு இது நல்ல செய்தி அல்லவா? நீங்கள் இருவரும் ஒன்றாகவே பார்க்கலாம்.

11 ஆகஸ்ட் 2025

முந்தாநாள் எழுதியதைத் திரும்பப் படித்தேன். மாண்டாவை நினைத்த உற்சாகத்தில் உங்கள் 4 டைவ் கணக்கை மறந்துவிட்டேன். அதனால் பாதியைத் திருத்துகிறேன்.

மாண்டாக்களைக் கொண்டுவரும் அதே அமாவாசைத் தண்ணீர்தான் டைவரை இழுத்துக்கொண்டு போவதும். அட்டோல் என்பது வட்டமாகக் கட்டிய பாத்தி மாதிரி. வரப்பில் அங்கங்கே உடைப்பு இருக்கும். உள்ளே வரும் தண்ணீரும் வெளியே போகும் தண்ணீரும் அந்த உடைப்புகள் வழியாகத்தான் போயாக வேண்டும். அந்த உடைப்பைத் திவேஹி மொழியில் 'கண்டு' என்கிறார்கள். சுறாக்கள் வரிசை கட்டி நிற்பது கண்டுவின் வாயில்தான். அனுபவப்பட்டவர்கள் தேடிப்போகும் இடமும் அதுதான். அமாவாசை அன்று அங்கே தண்ணீர் ஓடும் வேகத்துக்கு காலில் மாட்டும் ஃபின்னை எவ்வளவு அடித்தாலும் ஓர் அடி முன்னே போக முடியாது. 4 டைவ் செய்தவர் பயத்தில் வேகமாக மூச்சு வாங்குவார், 20 நிமிடத்தில் சிலிண்டர் காலியாகும், அடுத்தது அவசரமாக மேலேறுவார். நுரையீரலும் ரத்தமும் பாதிக்கப்படுவது அந்த அவசரத்தில்தான்.

ஆகவே தீபாவளிக்கே போங்கள், கண்டு பக்கம் போகாதீர்கள். அட்டோலின் உள்ளே தண்ணீருக்கு அடியில் எழும் குன்றுகள் உண்டு. பெரியதற்குத் 'திலா', தண்ணீர் மட்டம் வரை வரும் சின்னதற்குக் 'கிரி' என்று பெயர். பா அட்டோலிலேயே உள்ள தாரவந்தூ தீவுக்கு அருகிலேயே தாரவந்தூ திலா இருக்கிறது. திலாவிலும் நீரோட்டம் வரும். ஆனால் குன்றின் மறைவில் ஒதுங்கி நிற்க இடம் இருக்கும். ஏற்றம் முடிந்து வற்றம் தொடங்கும் இடைவெளியில் தண்ணீர் கொஞ்ச நேரம் நிற்கும். அந்த நேரத்தில் இறக்கிவிடச் சொல்லிக் கேளுங்கள். நல்ல டைவ் மையம் காலையில் ஏற்றவற்ற அட்டவணையைப் பார்த்துவிட்டுத்தான் படகை எடுக்கும். எத்தனை மணிக்குத் தண்ணீர் நிற்கும் என்று கேட்டு, பதில் சொல்லத் தெரியாத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

இன்னொருவர் | 12 ஆகஸ்ட் 2025

பாஸ்போர்ட், டாலர் என்று எதற்கு அலைய வேண்டும்? லட்சத்தீவும் அட்டோல்தானே?

12 ஆகஸ்ட் 2025

லட்சத்தீவும் அட்டோல்தான், சொல்லப்போனால் அதே கடலடி மலைத்தொடர். லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் மூன்றும் ஒரே தொடரின் முகடுகள். லட்சத்தீவின் கடமத்தில் பவளத்திட்டு சூழ்ந்த ஏரிக்கடலைப் போல அமைதியான தண்ணீரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆனால் நுழைவு அனுமதி வாங்க வேண்டும், கொச்சியிலிருந்து கப்பலிலோ அகத்திக்குச் சிறு விமானத்திலோ இடம் கிடைக்க வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் சுற்றுலா நின்றுவிடும். அக்டோபரில்தான் மெல்ல மீண்டும் தொடங்கும். 6 நாள் லீவை வைத்துக்கொண்டு தீபாவளிக்கு அங்கே திட்டமிட்டால் கப்பல் தேதிக்கே லீவு முழுவதும் போய்விடும். ஜனவரிக்கு மேல் 10 நாள் இருப்பவர்கள் தாராளமாகப் போகலாம்.

எனக்குப் பிடித்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அங்கே தண்ணீருக்குள் கிடக்கும் பவளத்திட்டைப் 'பார்' என்பார்கள். பெருமாள் பார் என்றே ஒன்று உண்டு. எங்கள் தூத்துக்குடியில் முத்துச்சிப்பி விளையும் கடலடித் திட்டுக்கும் பார் என்றுதான் பெயர். கடமத்தில் படகோட்டி அந்தச் சொல்லைச் சொன்னதும் எனக்கு எங்கள் தாத்தா குரல் கேட்ட மாதிரி இருந்தது.

கேட்டவர் | 14 ஆகஸ்ட் 2025

நன்றி அக்கா. தாரவந்தூ என்றே முடிவு செய்துவிட்டோம். மனைவிக்குச் சுறா பயம் இருக்கிறது. ஸ்நார்க்கல் செய்யும்போது வருமா? எனக்கு வேறொரு கேள்வி. இப்போதே மறுபயிற்சி எடுக்க வேண்டுமா, அல்லது அங்கே போய் எடுத்தால் போதுமா?

14 ஆகஸ்ட் 2025

சுறா வரும், வர வேண்டும் என்று வேண்டிக்கொள்ளச் சொல்லுங்கள். கரைக்கு அருகே முழங்கால் தண்ணீரிலேயே கருமுனைச் சுறாக் குட்டிகள் சுற்றும். காலைக் கண்டால் அவைதான் ஓடும். மாலத்தீவு 2010-இல் சுறா பிடிப்பதையே தடை செய்துவிட்டது. இன்று அங்கே நாம் இத்தனை சுறா பார்ப்பதற்கு அது ஒரு பெரிய காரணம்.

எங்கள் தாத்தா சங்கு குளித்தவர், முத்துக்குளிப்பிலும் இறங்கியவர். தூத்துக்குடியில் 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பு நடக்கவில்லை. அவர் காலத்துக்கும் முன்பு, சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் சொல்லும் 'கடல்கட்டி' என்று ஒருவர் குளிப்பு நடக்கும் இடத்தில் இருப்பாராம். அவர் கரையில் இல்லாமல் குளிப்பவர்கள் இறங்க மாட்டார்களாம். மூச்சடக்கிக்கொண்டு, கல் கட்டிய கயிற்றில் காலை வைத்து, எதுவும் சரியாகத் தெரியாத தண்ணீரில் இறங்கியவர்களுக்கு அந்தத் தைரியம் தேவைப்பட்டது. உங்கள் மனைவிக்கு நல்ல மாஸ்க் ஒன்று போதும். பாதிப் பயம் தெளிவாகத் தெரியாததால் வருவது. மாஸ்க்கை மட்டும் வாடகைக்கு எடுக்காமல், முகத்தில் வைத்து மூக்கால் உறிஞ்சி, கையை விட்டாலும் ஒட்டி நிற்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மறுபயிற்சி பற்றி நிறையச் சொல்ல வேண்டும். நாளை எழுதுகிறேன்.

16 ஆகஸ்ட் 2025

மறுபயிற்சியை இங்கேயே எடுங்கள். அங்கே முதல் டைவ் எப்படியும் சோதனை டைவ்தான், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

2017-இல் கடமத். எனக்கு அது 9-ஆவது டைவ். சுமார் 8 மீட்டர் ஆழத்தில், மேசை மாதிரி அகலமாக விரிந்த ஒரு பவளத்தின் மேல் மிதந்துகொண்டிருந்தேன். ஓரத்தில் ஒரு கிளிமீன் பாறையைக் கொறித்துக்கொண்டிருந்தது. தண்ணீருக்குள் அந்தச் சத்தம் நன்றாகவே கேட்கும், பக்கத்து வீட்டில் யாரோ முறுக்கு கடிப்பது போல. அதைப் பார்க்கலாம் என்று உடம்பை நிமிர்த்தினேன். நிமிர்ந்ததும் கால் கீழே போயிற்று. காற்று நிரப்பி மிதக்க உதவும் டைவிங் சட்டையில் காற்று குறைவாக இருந்ததால் நானும் இறங்கினேன். பதறி ஃபின்னை அடித்தேன். அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம். குனிந்து பார்த்தால் உள்ளங்கை அளவு துண்டு உடைந்து மணலில் கிடக்கிறது. மேற்புறம் தவிட்டு நிறம், உடைந்த வாய் மட்டும் சுண்ணாம்பு வெள்ளை. அதன் இடுக்கில் இருந்த நீல மீன் குஞ்சுகள் உடைந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வந்தன.

வேகமாக வளரும் கிளைப் பவளமே வருடத்துக்குச் சில அங்குலம்தான் வளரும். உருண்டைப் பவளம் ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தால் அதிகம். அது மட்டுமா? 1998-இல் கடல் சூடாகி மாலத்தீவிலும் லட்சத்தீவிலும் ஆழம் குறைந்த பகுதிப் பவளம் வெளுத்து, பெரும்பகுதி செத்தது. 2010-இல் ஒரு முறை, 2016-இல் ஒரு முறை, 2024-இல் மறுபடியும். இத்தனையும் தாண்டி நின்ற ஒன்றை என் கால் உடைத்தது. இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

ஆகவே அக்டோபருக்குள் ஒரு சனி ஞாயிறு புதுச்சேரி போய் வாருங்கள். நீச்சல்குளம் போதும். மிதப்பை மட்டும் பழகுங்கள். மூச்சை இழுத்தால் அரை அடி எழ வேண்டும், விட்டால் அரை அடி தாழ வேண்டும். கையை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் தரையையும் தொடாமல் மேலேயும் போகாமல் நிற்க முடிந்தால் நீங்கள் தயார். எடைக்கட்டிகளை அளவாகக் கட்டுங்கள்; புதியவர்களுக்குத் தேவைக்கு மேல் கட்டிவிடுவது பல இடங்களில் வழக்கம். ஆனால் ஒன்று, அலுமினிய சிலிண்டரில் காற்று தீரத் தீர எடை குறைந்து, கடைசியில் அது உங்களை மேலே தூக்கும். சிலிண்டரில் 50 பார் (அழுத்த அளவு) மிச்சமிருக்கும்போது 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்க முடிகிறதா என்று பார்த்து எடையை முடிவு செய்யுங்கள்.

19 ஆகஸ்ட் 2025

கேட்டிருந்த பயண ஒழுங்கு. 18-ஆம் தேதி திருவனந்தபுரத்திலிருந்து மாலே. அங்கிருந்து தாரவந்தூவுக்கு உள்நாட்டு விமானமும் உண்டு, விரைவுப் படகும் உண்டு. போகும்போது படகு வேண்டாம். தென்மேற்குப் பருவ அலையில் முதுகு நொந்துவிடும். 19-ஆம் தேதி காலை சோதனை டைவ். 20, 21 இரண்டு நாளும் காலையில் ஒரு டைவ், மதியம் ஹனிஃபாரு. எந்த நாளில் மாண்டா வரும் என்று யாரும் சொல்ல முடியாது. வந்திருக்கிறது என்று தகவல் வந்தால் டைவை விட்டுவிட்டு அங்கே ஓடுங்கள். 22 காலை கடைசி டைவ். டைவ் முடித்து 12 மணி நேரம் கழித்துத்தான் விமானம் ஏற வேண்டும். 23 ஊருக்கு.

கிளம்பும் முன் 96 மணி நேரத்துக்குள் மாலத்தீவின் பயண அறிவிப்பை இணையத்தில் நிரப்ப வேண்டும். பசுமை வரி இந்த ஜனவரி முதல் இரட்டிப்பாகிவிட்டது. ஊர்த் தீவின் சிறு விடுதிகளில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 6 டாலர், ரிசார்ட்டில் 12. விடுதி சொல்லும் விலையில் அது சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். தாரவந்தூ மக்கள் வாழும் ஊர். தெருவில் உடம்பை மூடிய உடை, மது கிடையாது. எனக்கு அந்த ஊரின் மாலை நேரம் மிகவும் பிடிக்கும். கயிற்றால் பின்னிய இருக்கைகளில் பெரியவர்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள்.

19 ஆகஸ்ட் 2025, இரவு

மேலே 12 மணி நேரம் என்று எழுதியது தவறு. அது ஒரே ஒரு டைவ் செய்தவருக்கான குறைந்தபட்சம். நாள்தோறும் டைவ் செய்தவர் குறைந்தது 18 மணி நேரம் விட வேண்டும். நான் 24 விடுவேன். மாலேவுக்குப் போகும் சின்ன விமானமும் விமானம்தான், அதையும் கணக்கில் சேருங்கள். 23 காலை 9 மணிக்கு விமானம் என்றால் 22 காலை 9 மணிக்குள் நீங்கள் தண்ணீரை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும். அது நடக்காது என்றால் திரும்பும்போது மாலே வரை படகில் வாருங்கள். போகும்போதுதான் வேண்டாம் என்றேன். ஆனால் மாலேயில் ஏறும் விமானத்துக்கும் இதே கணக்குத்தான். 22 மதியம் வேண்டுமானால் தண்ணீரின் மேல் மிதந்தபடி ஸ்நார்க்கல் செய்யுங்கள், அதனால் கெடுதல் இல்லை.

கேட்டவர் | 7 அக்டோபர் 2025

புதுச்சேரி போய் வந்தோம். மார்பில் கை கட்டி நின்றேன், நான்கு நிமிடம் வரை முடிந்தது. டிக்கெட், விடுதி எல்லாம் ஆயிற்று. இரண்டு நாளாக எனக்குச் சளி. 18-க்குள் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன். அங்கே போயும் இருந்தால் மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கலாமா?

7 அக்டோபர் 2025

கூடாது. மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கவே கூடாது.

2022 செப்டம்பரில் இதே பா அட்டோலில் நான் அதைத்தான் செய்தேன். டைவ் மையம் கொடுத்த மருத்துவப் படிவத்தில் சளி பற்றிய கேள்விக்கு 'இல்லை' என்று குறித்தேன். அங்கிருந்த பயிற்றுநரும் என் அடைத்த குரலைக் கேட்டும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். நானும் சொல்லியிருக்க வேண்டும்.

தண்ணீரின் மேல் மட்டத்திலிருந்து 10 மீட்டர் இறங்குவதற்குள் அழுத்தம் இரண்டு மடங்காகிறது. காதின் உள்ளே இருக்கும் காற்று பாதியாகச் சுருங்குகிறது. 20-இலிருந்து 30 மீட்டர் போகும்போது அத்தனை மாற்றம் இல்லை. அதனால் காதுக்கு ஆபத்து முதல் சில மீட்டரில்தான். மூக்கைப் பிடித்து மெல்ல ஊதி, தொண்டையிலிருந்து காதுக்குப் போகும் குழாயைத் திறந்து காற்றை நிரப்பிக்கொண்டே இறங்க வேண்டும். சளி அந்தக் குழாயை அடைத்துவிடும். மாத்திரை அதைக் கொஞ்ச நேரம் திறந்து வைக்கும். டைவின் பாதியில் மாத்திரையின் வேகம் தணிந்து குழாய் மறுபடி அடைத்துக்கொண்டால், உள்ளே இருக்கும் காற்று மேலேறும்போது விரிந்து வெளியேற முடியாமல் நிற்கும். இறங்கும்போது வலித்தால் ஏறிவிடலாம். ஏறும்போது வலித்தால் எங்கே போவீர்கள்?

எனக்கு இறங்கும்போதே வந்தது. 6 மீட்டரில் வலது காதில் சுருக்கென்றது. எல்லோரும் கீழே போகிறார்கள், நானும் போக வேண்டும் என்று பலமாக ஊதினேன். கிரீச் என்று ஒரு சத்தம், பிறகு காதுக்குள் குளிர்ந்த தண்ணீர் புகுந்தது. உலகமே ஒரு சுற்றுச் சுற்றியது. மேலே எது கீழே எது என்று தெரியவில்லை. என் குமிழிகள் போகும் திசைதான் மேல் என்று நினைவு வந்து, அவற்றைப் பார்த்துக்கொண்டே ஏறினேன். படகில் மாஸ்க்கைக் கழற்றினால் உள்ளே ரத்தமும் சளியும். செவிப்பறையில் ஓட்டை. மீதி நான்கு நாளும் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தேன். அந்த நான்கு நாளில் இரண்டு நாள் ஹனிஃபாருவில் மாண்டாக்கள் கூட்டமாக வந்தன. மற்றவர்கள் போய் வந்து சொன்னதைக் கேட்டேன்.

சளி பிடித்தால் கடலில் இறங்காதே என்று தாத்தா சொல்லிக்கொண்டே இருப்பார். சங்கு குளிக்கிறவருக்குக் காது போனால் பிழைப்பு போயிற்று. அவர் பேத்திக்கு 44 வயதில்தான் அது புரிந்தது.

உங்களுக்கு இன்னும் 11 நாள் இருக்கிறது. ஆவி பிடியுங்கள், தூங்குங்கள். கிளம்பும் முன் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். சரியாகவில்லை என்றால் பயணத்தை நிறுத்த வேண்டாம். டைவை மட்டும் விட்டுவிட்டு மனைவியோடு ஸ்நார்க்கல் செய்யுங்கள், மூக்கு அடைத்திருந்தால் குனிந்து மூழ்காமல் மேலேயே மிதந்தபடி.

கேட்டவர் | 26 அக்டோபர் 2025

ஊர் வந்துவிட்டோம் அக்கா. சளி கிளம்பும் முன்பே போயிற்று, மருத்துவரும் சரி என்றார். 19-ஆம் தேதி சோதனை டைவ் நன்றாகப் போயிற்று. 20 காலை தாரவந்தூ திலாவில் 4 மீட்டர் இறங்கியதும் இடது காது திறக்கவில்லை. ஒரு மீட்டர் ஏறி மறுபடி முயன்றேன். மூன்று முறை பார்த்தேன். உங்கள் காது நினைவுக்கு வந்தது. பயிற்றுநருக்குக் காதைக் காட்டிச் சைகை செய்துவிட்டு மேலே வந்து படகில் உட்கார்ந்துகொண்டேன். அழுகை வந்தது, உண்மையாகத்தான் சொல்கிறேன்.

21 மதியம் தகவல் வந்து ஹனிஃபாருவுக்கு ஓடினோம். முதலில் பச்சையாகக் கலங்கிய தண்ணீர் மட்டும்தான். பிறகு மனைவி என் கையை இறுக்கிப் பிடித்தாள். கீழே ஒரு வெள்ளை வாய், திறந்தபடி எங்களை நோக்கி எழுந்து வந்தது. எங்களுக்கு ஒரு கை தூரத்தில் வயிற்றைக் காட்டிப் புரண்டு திரும்பிற்று. வயிற்றில் கரும்புள்ளிகள். பிறகு இன்னொன்று, அதன் பின்னால் இன்னொன்று. மனைவி 11 வரை எண்ணியிருக்கிறாள். நான் எண்ணவில்லை. 22 காலை காது நன்றாக இருந்தும் இறங்கவில்லை, விமானக் கணக்கு ஒத்துவரவில்லை.

26 அக்டோபர் 2025, இரவு

படித்துவிட்டு வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். மூன்று முறை முயன்று மேலே வந்தீர்களே, அதற்காக உங்களைக் கட்டிப்பிடிக்கத் தோன்றுகிறது தம்பி.

அந்தப் புள்ளிகளைப் படம் எடுத்தீர்களா? நம் கைரேகை மாதிரி ஒவ்வொரு மாண்டாவுக்கும் வயிற்றுப் புள்ளிகள் வேறு. ஆய்வாளர்கள் அந்தப் படங்களை வைத்துத்தான் ஒவ்வொன்றையும் அடையாளம் கண்டு, எங்கே போகிறது எப்போது திரும்புகிறது என்று தொடர்கிறார்கள். மங்கலான படமாக இருந்தாலும் விடுதிக்காரர் வழியாகச் சேர்த்துவிடுங்கள்.

இடது காது இன்னும் அடைத்த மாதிரி இருந்தால் மறுபடி மருத்துவரிடம் காட்டுங்கள். 21 மதியம் எத்தனை மணிக்குக் குடாவில் இறங்கினீர்கள், அப்போது ஏற்றமா வற்றமா என்று உங்கள் மனைவிக்கு நினைவிருந்தால் இங்கே எழுதச் சொல்லுங்கள். அடுத்த தீபாவளி நவம்பர் 8. மறுநாள் அமாவாசை. நான் போகிறேன்.